வாசகர் கேள்வி – பதில்: பாலைப்பழக் காலமும் கரடியும்

வைகாசி பிறந்ததும் கரடியைப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். வன்னிக் காட்டில் பாலை பழுக்கும் காலம் அது. மனிதரும் கரடியும் ஒரே மரத்தடிக்குப் போகும் காலமும் அதுதான். சிறுத்தை பற்றியும் மற்ற ஊனுண்ணிகள் பற்றியும் வந்த கேள்விகளைச் சேர்த்து இம்முறை பதில் தருகிறோம்.

ஒவ்வொரு ஆனி மாதமும் நெடுங்கேணியில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய், அவர்களோடு பாலைப்பழம் பொறுக்கக் காட்டுக்குள் இறங்குவோம். போன வருடம் அந்த ஊரவர் ஒருவரைக் கரடி முகத்தில் கீறிவிட்டது. இம்முறை போகலாமா? போனால் எப்படிப் போவது?
— வாசகி, கொடிகாமம்

முதலில், நீங்கள் போகும் காடு எந்த வகை என்று உறவினரிடம் கேளுங்கள். தேசிய வனம், சரணாலயம், ஒதுக்குக் காடு என்றால் அனுமதியில்லாமல் உள்ளே போகக்கூடாது. ஊர்க்காடாக இருந்து போவதானால் பின்வருவனவற்றை விடாமல் கடைப்பிடியுங்கள்.

கரடி மனிதரைத் தின்பதற்காகத் தாக்குவதில்லை. எதிர்பாராத கிட்டத் தூரத்தில் ஆளைக் கண்டதும் அடித்துவிட்டு ஓடுகிறது. அதன் மூக்கு மிகக் கூர்மையானது, கண் அவ்வளவு இல்லை. புற்றைக் கிண்டிக் கறையானை உறிஞ்சும்போதும் பழம் தின்னும்போதும் அதுவே பெரும் சத்தம் எழுப்பும். நீங்கள் வருவது அதற்குக் கேட்காது. காற்று அதன் பக்கமிருந்து உங்கள் பக்கம் வீசினால் மணமும் போய்ச் சேராது. ஆகவே நீங்கள் செய்யவேண்டிய முக்கிய வேலை, நீங்கள் வருவதை அதற்கு முன்கூட்டியே தெரிவிப்பது.

நான்கு பேருக்குக் குறையாமல் சேர்ந்து போங்கள். இடைவிடாமல் கதைத்துக்கொண்டு போங்கள். ஒருவர் கையில் வெறும் தகரப்பேணி இருக்கட்டும். பற்றைக்குள் நுழையும் முன்பும், பாதை வளையும் இடத்திலும் தட்டுங்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு யாரும் வரவேண்டாம். காலை 9 மணிக்குப் பின் இறங்கி, மாலை 3 மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். கரடி பெரும்பாலும் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை இரை தேடும். ஆனால் பழக் காலத்தில் பட்டப்பகலிலும் பாலை மரத்தில் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

மரத்தை நெருங்கும் முன் முப்பது, நாற்பது மீற்றர் தள்ளி நின்று கிளைகளை ஒருமுறை பாருங்கள். கரடி நன்றாக மரமேறும். பிறகு நிலத்தைப் பாருங்கள். பாலை விதைகள் நிறைந்த குவியலான சாணம் ஈரமாகக் கிடக்கிறதா, அருகில் உள்ள புற்றில் புதுமண் கிண்டப்பட்டிருக்கிறதா, மரப்பட்டையில் வெளிறிய புது நகக்கீறல் இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அந்த மரத்தை விட்டுவிடுங்கள். பாறை இடுக்கு, மரப்பொந்து, அடர்ந்த பற்றை ஆகியவை அது பகலில் படுக்கும் இடங்கள். எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

நாயைக் கூட்டிப்போவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அவிழ்த்துவிட்ட நாய் கரடியைக் கண்டு குரைக்கும், கரடி துரத்தும், நாய் நேரே எசமானிடம் ஓடிவரும். பின்னால் கரடியும் வரும். நாயை வீட்டில் விடுங்கள். சிறுபிள்ளைகளையும் வீட்டில் விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சிலர் பழம் பறிக்கக் கிளையையே வெட்டி வீழ்த்துகிறார்கள். பாலை மிக மெதுவாக வளரும் மரம். வெட்டிய கிளை மீண்டும் காய்க்கப் பல வருடம் செல்லும். முன்பு ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாக இந்த மரத்தை ஏராளமாகத் தறித்தார்கள். மிஞ்சியிருப்பவற்றை நாமும் வெட்டினால், பழம் தேடும் கரடி ஊர்ப்பக்கம் இன்னும் நெருங்கி வரும். விழுந்ததைப் பொறுக்குங்கள், கைக்கு எட்டியதைப் பறியுங்கள், உச்சியில் உள்ளதை விட்டுவிடுங்கள். பாலையும் வீரையும் காட்டில் பரவுவதற்குக் கரடியின் வயிறும் ஒரு வழி. விழுங்கிய விதையைத் தாய்மரத்துக்குத் தூரத்தில் சாணத்தோடு போடுகிறது.

“கரடி வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு செத்தவன்போல் கிட, முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்” என்று பாலர் வகுப்பில் படித்த கதை உண்மையா? என் மாமா மரத்தில் ஏறு என்கிறார்.
— வாசகர், சாவகச்சேரி

கதையில் பாதி சரி. மாமா சொல்வது முழுக்கப் பிழை. நம் கரடி மரமேறும், ஓட்டத்திலும் உங்களை வெல்லும்.

கரடி தூரத்தில் நின்று உங்களைக் காணவில்லை என்றால், வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். கண்டுவிட்டால் அது பின்னங்காலில் எழுந்து நிற்கக்கூடும். தாக்கப்போகிறது என்று அப்போதே முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் என்ன என்று பார்க்கவும் மணக்கவும் அப்படி எழும். கல் எறியாதீர்கள், திடீரென்று கத்தாதீர்கள். தாழ்ந்த குரலில் பேசியபடி, முகம் அதன் பக்கம் இருக்க, பின்பக்கமாக மெல்ல நகருங்கள். அது போவதற்கு ஒரு வழியாவது திறந்திருக்க வேண்டும்.

பாய்ந்து வந்தால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். சில மீற்றர் தூரத்தில் நின்று திரும்பிவிடும் பொய்ப்பாய்ச்சல்கள் உண்டு. உண்மையாகவே மேலே வந்துவிட்டால், அந்தக் கணத்தில் குப்புற விழுங்கள். வயிறு நிலத்தோடு ஒட்டவேண்டும். கால்களைச் சற்று அகட்டி வையுங்கள், அப்போது புரட்டுவது கடினம். இரு கைவிரல்களையும் பிடரியில் கோத்து, முழங்கைகளால் முகத்தின் இரு பக்கத்தையும் மூடுங்கள். முதுகில் பை இருந்தால் கழற்றவேண்டாம். கரடி குறிவைப்பது தலையையும் முகத்தையும். வன்னியில் கரடியிடம் தப்பியவர்கள் பலர் ஒரு கண்ணையோ தாடையையோ இழந்தவர்களாக இருப்பது இதனால்தான். கதையில் வருவதுபோல் மல்லாந்து கிடந்தால் கொடுப்பது முகத்தை.

அசையாமல் கிடந்தால் அது விலகுவது, செத்ததை அது தின்னாது என்பதால் அல்ல. எதிரி அடங்கிவிட்டான், இனி ஆபத்தில்லை என்று அதற்குப் பட்டுவிடுவதால். ஆகவே அவசரப்பட்டு எழும்பக்கூடாது. அது பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுந்தவர்கள் இரண்டாம் முறை அடிவாங்கியிருக்கிறார்கள். சத்தம் முழுவதும் ஓய்ந்து, சில நிமிடம் கழித்து மெல்லத் தலையைத் தூக்குங்கள். கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடாமல் ஒன்றாக நின்று உரத்துச் சத்தமிட வேண்டும். கத்தியோடு தனியே பாய்பவர் அடுத்த காயக்காரர்.

சிறுத்தைக்கு இந்த முறை பொருந்தாது. அதன் முன்னால் குனியவோ படுக்கவோ கூடாது. அதன் கண்ணுக்கு அது இரையின் உருவம். நிமிர்ந்து நின்று, கைகளையோ சாரத்தையோ விரித்து உருவத்தைப் பெரிதாக்கி, அதட்டியபடி பின்வாங்குங்கள். பிள்ளை கூட இருந்தால் கண்ணை எடுக்காமலே பிள்ளையைத் தூக்குங்கள். மேலே விழுந்தால் கையில் கிடைத்ததால் அடியுங்கள்.

கரடி கடித்த காயத்துக்கு உடனே என்ன செய்யவேண்டும்? எங்கள் பக்கத்தில் கோப்பித்தூள் அப்புவார்கள்.
— வாசகி, பளை

கோப்பித்தூள், மஞ்சள், சாம்பல், வேப்பிலை அரைப்பு எதுவும் வேண்டாம். வைத்தியர் அதைச் சுரண்டி எடுக்கவே அரைமணி போகும்; கிருமியும் உள்ளே போகும். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து இறுக்கி அழுத்திப் பிடியுங்கள், இடையிடையே எடுத்துப் பார்க்காதீர்கள். பெருக்கு நின்ற சிறு காயங்களை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவவேண்டும். விசர்நோய்க் கிருமியைக் குறைக்கும் முதல் மருந்து அதுதான். முகத்தில் அடிபட்டவர் நினைவோடு இருந்தால் மல்லாந்து படுக்க விடாமல் முன்னால் சாய்த்து உட்காரவையுங்கள். இரத்தம் தொண்டைக்குள் இறங்கி மூச்சடைக்கும். தொங்கும் தோலை வெட்டி எறியாதீர்கள், இருந்த இடத்தில் மெல்லப் பொருத்தி மூடுங்கள், சத்திரசிகிச்சை நிபுணருக்கு அது வேண்டும். 1990 அம்புலன்ஸ் இலவசம். வைத்தியசாலையில் விசர்நோய்த் தடுப்பூசியும் ஏற்புத் தடுப்பூசியும் பற்றி நீங்களே கேளுங்கள். நரி கடித்தாலும் இதே முறைதான். அதிலும் பகலில் ஊருக்குள் தடுமாறித் திரியும் நரி என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது.

கரடி கறையானும் பழமும் தேனும்தானே தின்கிறது? பாடப் புத்தகத்தில் ஊனுண்ணி வரிசையில் போட்டிருக்கிறார்கள். ஏன்?
— உயர்தர மாணவர், நெல்லியடி

நல்ல கேள்வி தம்பி. அந்த வரிசை உணவைப் பார்த்துப் பிரித்ததல்ல, வம்சத்தைப் பார்த்துப் பிரித்தது. அந்த வரிசையின் மூதாதைகளிடம் மேல் நான்காம் முன்கடைவாய்ப்பல்லும் கீழ் முதலாம் கடைவாய்ப்பல்லும் ஒன்றோடொன்று உரசி இறைச்சியை வெட்டும் அலகுகளாக இருந்தன. பூனையிலும் சிறுத்தையிலும் அவை இன்றும் கூராக உள்ளன. கரடி வம்சத்தில் தட்டையாகி அரைக்கும் பல்லாக மாறிவிட்டன. வரிசைக்குள் இரண்டு பெருங்கிளைகள் உண்டு. பூனைப் பக்கத்தில் சிறுத்தையோடு உங்கள் வளவில் ஓடும் கீரியும், பனையில் ஏறும் மரநாயும் சேரும். நாய்ப் பக்கத்தில் நரி, நீர்நாய், கரடி, கடல்நாய் எல்லாம் வரும். மரநாய் பெயரில்தான் நாய். வம்சத்தில் பூனைக்கு உறவு.

இன்று உலகில் எட்டுக் கரடி இனங்கள் உள்ளன. சீனத்துப் பாண்டாவின் கிளை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. அது மூங்கில் தின்கிறது. துருவக் கரடி நீர்நாய்க்கு உறவான கடல்நாயைத் தின்கிறது. நம் கரடி கறையானில் தேர்ந்தது. ஒரே குடும்பத்துக்குள் இவ்வளவு வேறுபட்ட உணவுமுறை வந்திருப்பதுதான் கரடிகளின் சிறப்பு.

கறையான் தின்பதற்காக நம் கரடியின் உடலில் நடந்த மாற்றங்களைப் பார். மற்றக் கரடிகளுக்கு 42 பற்கள். இதற்கு 40, மேல் வரிசையின் நடு வெட்டும்பற்கள் இரண்டும் இல்லை. அந்த இடைவெளியில் உதடுகளைக் குழாயாகக் குவித்து, மூக்குத் துளைகளைத் தசையால் மூடி, குழிந்த அண்ணத்தின் உதவியோடு நுங்கை உறிஞ்சுவதுபோல் கறையானை உறிஞ்சும். முதலில் பலமாக ஊதி மண்தூசைப் போக்கும், பிறகு இழுக்கும். அந்தச் சத்தம் அமைதியான காட்டில் நூறு மீற்றருக்கு அப்பாலும் கேட்கும். காட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் வந்த வழியே திரும்பிவிடவேண்டும். முன்னங்கால் நகங்கள் 7 சென்ரிமீற்றரளவு நீளம், சற்றே வளைந்தவை, காய்ந்து இறுகிய புற்றை உடைக்க ஏற்றவை. இந்த நகங்களையும் பற்களின் குறைவையும் பார்த்துத்தான் 1791-இல் ஜோர்ஜ் ஷோ என்ற ஆங்கிலேயர் இதைத் தென்னமெரிக்காவில் மரத்தில் தொங்கும் அசமந்த விலங்கின் இனமென்று பதிந்துவிட்டார்.

குட்டிகளை முதுகில் சுமந்து திரிவதும் இந்தக் கரடியின் தனிப்பழக்கம். ஓர் ஈற்றில் ஒன்று, இரண்டு குட்டி, மூன்று அரிது. இரண்டு வருடமளவு தாயோடு இருக்கும். குட்டிக்கு ஆபத்து வந்தால் வேறு பல கரடிகள் மரத்தில் ஏற்றிவிட்டுத் தப்பும். சிறுத்தை மரமேறும் நாட்டில் அது பயன்படாது. புலியும் சிறுத்தையும் உலாவிய இந்தியத் துணைக்கண்டத்தில் எதிர்த்து நின்று அடித்த கரடிக்கே சந்ததி தங்கியது என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். எதிர்பாராமல் எதிர்ப்படும் ஆளின் முகத்தில் விழும் அறைக்கு இவ்வளவு நீண்ட பின்னணி உண்டு.

இலங்கையில் புலி எப்போதாவது இருந்ததா? சிறுத்தைக்கும் கரடிக்கும் வழி கிடைத்தது எப்படி?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், உடுவில்

இருந்தது. சிங்கமும் இருந்தது. இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டவில் கிடைத்த பற்களைக் கொண்டு 1939-இல் விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல ஒரு சிங்கத் துணையினத்தை விவரித்தார். அதே குருவிட்டப் பகுதியில் கிடைத்த புலியின் விரலெலும்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 16,500 ஆண்டு வயது.

வந்த வழி நமக்கு மிகக் கிட்டத்தில்தான். பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றருக்குக் குறைந்த ஆழம். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றரளவு கீழே இருந்தது. காங்கேசன்துறைக்கும் கோடிக்கரைக்கும் இடையில் அன்று கடலே இல்லை, தரைதான். பனி உருகிக் கடல் ஏறியதும் இங்கே நின்றவை தனித்துவிட்டன. சருகுமானிலிருந்து மரைவரை அகப்பட்டதைத் தின்று பிழைக்கக்கூடிய சிறுத்தை தங்கிவிட்டது; பெரிய இரையை ஏராளமாக வேண்டிய இரண்டும் மறைந்தன. தனக்கு மேலே வேட்டையாடி இல்லாத தீவில் சிறுத்தை நன்றாகத் தடித்தது. ஆண்கள் சராசரி 56 கிலோ, 70 கிலோ தாண்டியவையும் உண்டு. தெரணியகல 1956-இல் அதைத் தனித் துணையினமாகப் பெயரிட்டார்.

கரடி வேறு திசையில் போனது. இங்குள்ளது இந்தியக் கரடியைவிடச் சிறியது, உடல்முடி குட்டை, நெஞ்சிலுள்ள வெள்ளைக் கீற்று சிலவற்றில் மங்கல். சிறுத்தை மலையிலும் தேயிலைத் தோட்ட ஓரத்திலும் வாழும். கரடி உலர்வலயத்தில், 300 மீற்றர் உயரத்துக்குக் கீழே மட்டும். அதனால் சிறுத்தையைவிடக் கரடியைப் பற்றியே நாங்கள் கூடுதலாகக் கவலைப்படுகிறோம். அதற்கு ஒதுங்க வேறு இடம் இல்லை. நாட்டில் மிஞ்சியவை 500 முதல் 1,000 வரை என்று மதிப்பிடப்படுகிறது. வன்னி, வில்பத்து, வஸ்கமுவ, யால போன்ற பகுதிகளில்தான்.

கிளிநொச்சிப் பக்கத்தில் என் தம்பியின் ஆட்டுக்கொட்டிலில் சிறுத்தை புகுந்து மூன்று ஆட்டைக் கொன்றுவிட்டது. பனைமட்டை வேலி போட்டிருந்தார். என்ன செய்யலாம்?
— வாசகர், எழுதுமட்டுவாள்

பனைமட்டையும் கிடுகும் ஆட்டை உள்ளே வைத்திருக்கும், சிறுத்தையை வெளியே வைத்திருக்காது. அது தாவும், அடியில் கிண்டும், ஓட்டையில் கைவிட்டு இழுக்கும். மூன்றையும் ஒரே இரவில் கொன்றது கொழுப்பால் அல்ல. அடைபட்ட ஆடுகள் சுற்றிச் சுற்றி ஓடும்வரை அதன் வேட்டைத் தூண்டுதல் அடங்காது.

கொட்டில் இப்படி இருக்கட்டும். இரண்டங்குலக் கண்ணுள்ள, ஒட்டிய கம்பிவலை. பின்னிய வலை மலிவுதான், ஆனால் ஒரு இழை அறுந்தால் வரிசையாக அவிழும். தூண்கள் இரண்டு மீற்றருக்கு ஒன்று. உயரம் இரண்டு மீற்றர், அதற்குமேல் கூரையும் வலையாலேயே மூடவேண்டும். கூரையை மிச்சம் பிடித்தவர்கள்தான் இரண்டாம் முறையும் ஆடு இழந்தவர்கள். வலையின் அடியை 30 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் இறக்கி, வெளிப்பக்கமாக மடித்துக் கல் பரப்புங்கள். கதவின் கீழ் இடைவெளி நான்கு விரலுக்கு மேல் இருக்கக்கூடாது. கொழுக்கி மேலும் கீழுமாக இரண்டு. உள்ளே முழங்கால் உயரத்துக்குப் பலகை அடித்தால் ஆடு வலையில் சாய்ந்து படுக்காது, வெளியிலிருந்து கால் அகப்படாது. கொட்டிலைச் சுற்றிப் பத்து மீற்றருக்குப் பற்றையை வெட்டி வெளியாக்குங்கள். இரவு முழுதும் எரியும் மின்குமிழுக்குச் சிறுத்தை சில நாளில் பழகிவிடும். அசைவைக் கண்டு எரியும் விளக்கு கூடுதல் பயன் தரும்.

ஆனாலும் பல ஆடுகள் கொட்டிலில் அல்ல, மேய்ச்சலில்தான் போகின்றன. மாலை 5 மணிக்கு முன் பட்டிக்குக் கொண்டுவாருங்கள், காட்டோரம் கட்டிவிட்டுப் போகாதீர்கள்.

செத்த ஆட்டில் நஞ்சு வைக்கும்படி யாரும் சொன்னால் கேட்கவேண்டாம். முதலில் சாவது ஊர் நாயும் காகமும்தான். கட்டுத்துவக்கு, மின்கம்பி, பிரேக் கேபிளில் கட்டும் கண்ணி, வெங்காய வெடி எல்லாம் காட்டுப்பன்றிக்கு என்றுதான் வைக்கிறார்கள். கண்ணிக்கு ஆள் தெரியாது. சிறுத்தை இடுப்பில் மாட்டி இழுக்க இழுக்க உள்ளுறுப்பு நசுங்கும். உயிரோடு அவிழ்த்தெடுத்தாலும், கிழிந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைத்து நாலைந்து நாளில் சாகும். 2020 வைகாசியில் நல்லதண்ணிப் பகுதியில் கண்ணியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை மீட்கப்பட்டும் பிழைக்கவில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் சிறுத்தையும் கரடியும் முழுப் பாதுகாப்புப் பெற்றவை. பன்றிக்குத்தான் வைத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

மருதங்கேணிப் பக்கம் தோட்டத்து ஈரமண்ணில் பெரிய காலடி கண்டோம். சிறுத்தையா?
— இளைஞர் கழகத்தினர், வடமராட்சி கிழக்கு

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தீப்பெட்டியையோ நாணயத்தையோ வைத்திருந்தால் உடனே சொல்லியிருப்போம். நீங்களே பாருங்கள். நான்கு விரல், நகப்பதிவு இல்லை, உள்ளங்காலின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு என்றால் பூனைக் குடும்பம். அகலம் 7 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் மட்டும் சிறுத்தையை நினைக்கலாம். 4, 5 சென்ரிமீற்றர் என்றால் காட்டுப்பூனை. நான்கு விரலோடு நகமும் பதிந்தால் நாய் அல்லது நரி. நரியின் தடம் ஒடுங்கியது, நேர்கோட்டில் போகும். ஐந்து விரலும், விரலுக்கு முன்னால் நன்றாகத் தள்ளி நகக்குழியும், பின்னங்காலில் மனிதப் பாதம் போன்ற நீண்ட பதிவும் இருந்தால் கரடி. ஈரமண்ணில் தடம் விரிந்து பெரிதாகத் தெரியும், ஒன்றை மட்டும் அளக்காமல் நாலைந்தை அளந்து சராசரி பாருங்கள். ஊரில் பெரும்பாலான “சிறுத்தைத் தடம்” பெரிய நாயினுடையதுதான்.

காட்டுக்குள் ஒளிந்திருக்கும் சிறுத்தையையும் கரடியையும் எப்படி எண்ணுகிறார்கள்?
— மாணவி, கோண்டாவில்

அசைவையும் உடல் வெப்பத்தையும் உணர்ந்து தானே படமெடுக்கும் கமராவை விலங்கு நடக்கும் பாதையோரம் கட்டுவார்கள். நிலத்திலிருந்து 40, 50 சென்ரிமீற்றர் உயரம், பாதையிலிருந்து மூன்று மீற்றரளவு தள்ளி. கிழக்கையோ மேற்கையோ பார்த்துக் கட்டினால் காலை மாலை வெயில் படத்தைக் கெடுக்கும். முன்னாலுள்ள புல்லை வெட்டாவிட்டால் காற்றில் அது ஆடும் படங்களே ஆயிரக்கணக்கில் சேரும். சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளியும் வலப்பக்கப் புள்ளியும் ஒன்றல்ல, எனவே எதிரெதிராக இரண்டு கமரா வேண்டும்.

கணக்கின் அடிப்படை எளிது. முதற்சுற்றில் 20 சிறுத்தைகளை அடையாளம் கண்டோம் என்று வைத்துக்கொள், பிள்ளை. இரண்டாம் சுற்றில் 15 அகப்பட்டன. அவற்றில் 6 முன்பே கண்டவை. 20-ஐ 15-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 50. அங்குள்ள தொகை ஏறத்தாழ அதுதான். இரண்டு சுற்றுக்கும் இடையில் பிறப்பும் இறப்பும் குடிபெயர்வும் நடந்தால் கணக்குப் பிழைக்கும். அதனால் சுற்றுகளை வாரக்கணக்கில் முடிப்பார்கள்.

கரடிக்குப் புள்ளி இல்லை, கறுப்பு முடிதான். நெஞ்சுக் கீற்று சில வேளை உதவும். இல்லையென்றால் முள்ளிலும் மரப்பட்டையிலும் சிக்கிய முடியை எடுத்து மரபணுவைப் பார்க்கவேண்டும். வஸ்கமுவ காட்டில் ஷியாமளா ரத்நாயக்கவும் குழுவினரும் கரடிகளுக்கு ரேடியோக் கழுத்துப்பட்டி அணிவித்துப் பின்தொடர்ந்தார்கள். ஒரு பெண் கரடியின் வாழிடம் சராசரி 2 சதுர கிலோமீற்றரளவு, ஆணுடையது 4 அளவு என்று கண்டார்கள். இது உண்மையில் மிகச் சிறிய பரப்பு. பாலையும் புற்றும் செழித்த முதிர்காடு என்றால் சின்ன இடமே கரடிக்குப் போதும் என்று இதற்குப் பொருள். அந்தக் காட்டில் நடுவால் ஒரு தெருவும் குடியேற்றமும் போனால் ஒரு கரடியின் முழு உலகமும் போய்விடும் என்றும் பொருள்.

குழந்தை பயந்து அழுகிறது. கரடிமுடித் தாயத்துக் கட்டலாமா?
— வாசகி, ஊர்காவற்றுறை

வேண்டாம் அம்மா. அது பயத்தைப் போக்காது. விற்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் வேறு முடி. உண்மையான கரடி முடியாக இருந்தால் அதை வைத்திருப்பதே குற்றம். குழந்தை தொடர்ந்து இரவில் விழித்து அழுதால் பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள், காதுவலியும் பூச்சியும்கூடக் காரணமாக இருக்கும்.

ஊருக்குள் சிறுத்தை வந்தால் யாருக்கு அறிவிப்பது? அம்பாள்குளத்தில் நடந்தது போல இன்னொரு முறை நடக்கக்கூடாது.
— கிராம அபிவிருத்திச் சங்கத்தினர், பரந்தன்

2018 ஆனியில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பத்துப் பேரளவில் காயப்பட்டார்கள், கடைசியில் சிறுத்தை அடித்துக் கொல்லப்பட்டது. வனஜீவராசிகள் உத்தியோகத்தரும் காயப்பட்டவர்களில் ஒருவர். கூட்டம் வட்டமாகச் சூழ்ந்தால் விலங்குக்கு வெளியேற வழி இல்லை. வட்டத்தில் எந்த ஆள் தளர்வாக நிற்கிறாரோ அவர்மேல் பாய்ந்துதான் அது வெளியே போகும். மயக்க ஊசி சுட்டதும் விலங்கு விழுந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அமைதியாக இருக்கும் சிறுத்தைக்கே பத்து நிமிடமளவு செல்லும். வெருண்டு ஓடுவதற்கு இன்னும் கூடும், சில வேளை மருந்து பிடிக்கவே பிடிக்காது. ஊசி போட மிருக வைத்தியர் வரவேண்டும், எடையை மதிப்பிட்டு மருந்து அளக்கவேண்டும். அதுவரை கூச்சல் இருக்கக்கூடாது.

1992 இலக்கத்துக்கு அழையுங்கள். அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம். கூடவே அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். அழைக்கும்போது இவற்றைச் சொல்லவேண்டும்: ஊரும் தெருவும், அடையாளமான கோயில் அல்லது பாடசாலை, விலங்கு வீட்டுக்குள்ளா, பற்றையிலா, கிணற்றிலா, கண்ணியிலா, கடைசியாகக் கண்ட நேரம், காயப்பட்டவர் உண்டா, திரும்ப அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம். வீட்டுக்குள் புகுந்திருந்தால் வெளிக்கதவைச் சாத்திவிட்டு விலகுங்கள். பற்றையில் இருந்தால் நூறு மீற்றருக்கு ஆட்களை அகற்றி, காட்டுப்பக்கத்தைத் திறந்துவிடுங்கள். இருட்டியதும் பெரும்பாலும் தானே போய்விடும். கிணற்றில் விழுந்திருந்தால் நீளமான மரமொன்றைச் சாய்வாக இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் விலகுங்கள். நாய்களைக் கட்டிவையுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுக்க நெருங்குபவர்களைத் தடுப்பதற்கென்றே சங்கத்தில் இரண்டு பேரை இப்போதே நியமித்துவையுங்கள்.